நகையை அடகு வைத்துக் காமிரா வாங்கலாமா?

எங்கள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஓர் அம்மா பூக்கட்டி விற்கிறார். போகும்போதும் வரும்போதும் இரண்டு வார்த்தை பேசுவோம்.

ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

"தம்பி, நீங்க பத்திரிகை ஆபீசுதானே? ஒரு யோசனை சொல்லுங்க. என் பையன் காமிரா வேணும்னு ஒத்தைக் காலில் நிக்கிறான். எழுபதாயிரம் ஆகுமாம். எங்கிட்ட ஒரு சங்கிலி இருக்கு. அடகு வைக்கட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. "நாலு நாள் பொறுங்கம்மா" என்றேன்.

இது அந்த அம்மா ஒருவரின் கேள்வி அல்ல. இன்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் தவிக்கிறார்கள். படம் எடுக்கும் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அதற்குக் கடன் வேண்டுமா? கலையை எங்கே கற்பது? கற்றால் சோறு போடுமா?

விசாரித்ததைச் சொல்கிறேன்.

காமிரா வந்த கதை

புகைப்படம் எடுக்கும் வித்தையை உலகம் அறிந்தது 1839-ம் ஆண்டில். பிரான்சு நாட்டில் டாகுவேர் என்பவரின் முறை அந்த ஆண்டு வெளியானது. அப்போது அது வசதி படைத்தவர்களின் வித்தை.

1888-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவர் 'கோடக்' காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் போதும். படத்தைக் கழுவி அச்சிட்டுக் கொடுப்பது கம்பெனியின் வேலை. அன்று முதல் சாதாரண மக்களும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

பிறகு பிலிம் சுருள் வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு சுருளில் 36 படம். ஒரு படம் வீணானாலும் மனது பதறும்.

1975-ம் ஆண்டில் அதே கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் என்ஜினீயர் பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்தார். அதன் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 விநாடி ஆனது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து இன்று நம் செல்போனுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

பிலிமை நம்பி வாழ்ந்த கோடக் கம்பெனி, 2012-ம் ஆண்டு ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. புதுக் காமிராவைக் கண்டுபிடித்த கம்பெனியையே புதுக் காமிரா கவிழ்த்துவிட்டது.

தெருமுனை ஸ்டூடியோ

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கும் அதே அடிதான்.

முன்பு பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு ஸ்டூடியோவுக்குத்தான் ஓடவேண்டும். இன்று ஆதார் அட்டைக்கு அந்த மையத்திலேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சேவை மையத்திலும் அப்படியே. பிலிம் கழுவும் வேலையும் போயிற்று. பிறந்தநாளா? பிள்ளையின் செல்போனே போதும்.

மிஞ்சியது என்ன? கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா. கடைக்காரர் தம் சரக்கை விளம்பரம் செய்யவும் நல்ல படம் தேவைப்படுகிறது. ஆக, பிழைப்பு அடியோடு போகவில்லை. ஆனால் போட்டி கடுமை. கையில் காமிரா இருப்பவர் எல்லோரும் போட்டோகிராபர் ஆகிவிட முடியாது. பொத்தானை அழுத்த யாருக்கும் தெரியும். நல்ல படம் எடுக்கச் சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலருக்கே வேலை வருகிறது.

அந்தச் சிலர் எப்படிக் கற்றார்கள்?

மூன்று பேர் வரலாறு

ஹோமாய் வியாரவாலா. 1913-ம் ஆண்டு குஜராத்தில் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்ற பெயர் பெற்றவர். பின்னால் தம் கணவரான மானெக்ஷாவிடம் காமிராவைக் கற்றார். புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைச் சுமந்துகொண்டு டெல்லியைச் சுற்றினார். நாடு விடுதலை பெற்ற நாட்களை அவர் படங்களில் இன்றும் பார்க்கலாம். 2011-ம் ஆண்டு பத்ம விபூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு காலமானார்.

ரகு ராய். 1942-ல் பிறந்தவர். படித்தது சிவில் என்ஜினீயரிங். அண்ணன் எஸ். பால் புகைப்படக்காரர். அவரைப் பார்த்துத் தம்பிக்கும் ஆசை வந்தது. ஆரம்பத்தில் எடுத்த படம் எது தெரியுமா? ஒரு கழுதைக் குட்டி! அந்தப் படம் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. 1984-ம் ஆண்டு போபால் விஷவாயுக் கொடுமையை உலகுக்குக் காட்டிய படங்களில் அவர் எடுத்ததும் ஒன்று.

மூன்றாமவர் நம் மதுரைக்காரர், எம். பழனி குமார். தாய் மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். மகன் படம் எடுக்கத் தொடங்கினார். மீன் விற்கும் தாயையே எடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்களின் பாட்டை எடுத்தார். 2022-ம் ஆண்டில் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் எடுக்கக் கற்றும் கொடுத்திருக்கிறார்.

மூவரும் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தார்கள். அதையே எடுத்தார்கள். விடாமல் எடுத்தார்கள்.

காசில்லாப் பள்ளிக்கூடம்

கற்க வழி உண்டா? உண்டு. பெரும்பாலும் காசில்லாமலே உண்டு.

முதல் வழி, நல்ல படங்களைப் பார்ப்பது. பாட்டுக் கற்பவன் கச்சேரி கேட்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

'பாரி' என்று ஓர் ஆவணக் களஞ்சியம் இருக்கிறது. கிராம மக்களின் வாழ்வைப் படத்தோடு சொல்வது. பத்திரிகையாளர் சாய்நாத் 2014-ம் ஆண்டு தொடங்கியது. செல்போனில் தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம். பழனி குமாரின் படங்களும் அங்கே உண்டு.

பழைய தமிழ்நாட்டைப் பார்க்க ஆசையா? 1858-ம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரப் படை அதிகாரி மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, திருச்சி, தஞ்சை எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டினார். லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அவர் படங்களை உங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தே பார்க்கலாம்.

நம் தாத்தா பாட்டி காலத்து ஸ்டூடியோப் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவை பதிவாகியிருக்கின்றன. அன்றைய கலைஞர்கள் கூரைக் கண்ணாடி வழியே வரும் வெயிலை வைத்தே முகத்தை எப்படி மிளிர வைத்தார்கள் என்று பாருங்கள்!

இரண்டாவது வழி, நூலகம். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் நாள் முழுதும் உட்கார்ந்து படிக்கலாம்.

மூன்றாவது வழி, கண்காட்சி. சென்னையில் 2016-ம் ஆண்டில் தொடங்கிய புகைப்பட விழா, உலகப் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. அப்படி விழா நடக்கும்போது பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நான்காவது வழி, ஆசான். உங்கள் தெருமுனை ஸ்டூடியோக்காரர்தான் அந்த ஆசான்! முப்பது ஆண்டு இருட்டறையில் நின்றவருக்கு ஒளியைப் பற்றித் தெரிந்தது கொஞ்சமா? கல்யாண வீட்டில் அவருக்கு லைட் பிடிக்கப் போகும் பையன், ஒரு சீசனில் கற்பதை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது.

முறையாகப் படிக்க விரும்புவோருக்குக் கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு உண்டு. சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் படிப்பு உண்டு. "பத்து நாளில் போட்டோகிராபர் ஆக்குகிறோம்" என்று விளம்பரம் செய்பவரிடம் மட்டும் ஜாக்கிரதை. பணம் கட்டுமுன், அங்கே படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பேசுங்கள்.

செல்போனில் பாட வீடியோக்களும் ஏராளம். நல்லதுதான். ஆனால் நீச்சல் வீடியோ பார்த்தவன் நீச்சல்காரன் ஆகமாட்டான். ஒரு பாடம் பார்த்தால் இருபது படம் எடுக்க வேண்டும்.

நான்கு வாரப் பாடம்

இதோ ஒரு பாடத்திட்டம். செல்போன் போதும்.

முதல் வாரம்: ஒளி. வீட்டில் ஒருவரை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டில் விழட்டும். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் எடுத்து ஒப்பிடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துப்போகும். வெளியே உள்ள வெளிச்சத்துக்குத் தக்கபடி காமிரா படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதே காரணம். திரையில் முகத்தைத் தொட்டால் ஓரளவு சரியாகும்.

இரண்டாம் வாரம்: நெருக்கம். குடமோ, செருப்போ, ஏதாவது ஒரே பொருளை இருபது விதமாக எடுங்கள். மேலிருந்து, தரையிலிருந்து, அருகிலிருந்து. விரலால் பெரிதாக்கி எடுக்கும்போது படம் தெளிவு இழக்கக்கூடும். கூடியவரை கால்களால் நெருங்குங்கள். ஆனால் முகத்தை எடுக்கும்போது மூக்குக்கு நேரே நீட்டாதீர்கள். மூக்கு பெரிதாகிவிடும். இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

மூன்றாம் வாரம்: அசைவு. ஓடும் குழந்தையைத் தெளிவாகப் பிடிக்க விநாடியில் 500-ல் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறக்க வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் தேவை. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். கை நடுங்கினால் படமும் நடுங்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்து எடுங்கள். எடுக்குமுன் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். படங்கள் மங்குவதற்கு விரல் எண்ணெயும் ஒரு காரணம்!

நான்காம் வாரம்: கதை. டீக்கடையை ஐந்தே படங்களில் சொல்லுங்கள். அடுப்பு, டீ ஆற்றும் கை, குடிப்பவர் முகம், காலி கிளாஸ், கடைக்காரரின் அலுப்பு. கடைக்காரரிடம் அனுமதி கேட்ட பிறகே எடுக்க வேண்டும். அறியாத பெண்களையும் குழந்தைகளையும் திருட்டுத்தனமாக எடுப்பது கலை அல்ல. குற்றத்துக்கு முதல் படி.

மாத முடிவில், 36 படம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். அவற்றில் சிறந்த ஐந்தை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். திரையில் தெரியாத குறை சுவரில் தெரியும்.

உண்மைப் படத்தின் மதிப்பு

இன்னொரு செய்தி. இன்று படம் எடுக்காமலே படம் செய்யலாம். நாலு வரி எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் மூளை ஒரு முகத்தையும் ஊரையும் உருவாக்கித் தருகிறது. "இனி போட்டோகிராபர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி, கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்தார். சற்று நேரத்தில் மகாத்மா சுடப்பட்டார். அதே மனிதர் 1950-ம் ஆண்டு ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாளிலும் காமிராவோடு இருந்தார். அந்தப் படங்களுக்கு ஏன் மதிப்பு? எடுத்தவர் அங்கே இருந்தார். அவர் கண்ணால் கண்டார். அதனால்தான்.

கம்ப்யூட்டர் மூளையால் எந்தப் படத்தையும் செய்ய முடியும். "நான் அங்கே இருந்தேன்" என்று சாட்சி சொல்ல முடியாது. பொய்ப்படம் பெருகப் பெருக, நம்பகமான மனிதர் எடுத்த படத்தின் மதிப்பு கூடும் என்பதே என் கருத்து.

பூக்கார அம்மாவுக்குப் பதில்

நாலு நாள் கழித்து அந்த அம்மாவிடம் சொன்னேன்:

"சங்கிலி இருக்கட்டும்மா. மூணு மாசம் செல்போனிலேயே எடுக்கச் சொல்லுங்க. ஸ்டூடியோவில் லைட் பிடிக்க அனுப்புங்க. மூணு மாசத்துக்குப் பிறகும் அவனுக்கு ஆசை குறையலேன்னா, அவன் சம்பாதிச்ச பணத்தோடு கொஞ்சம் போட்டு, ஒருத்தர் பயன்படுத்தின காமிராவாப் பார்த்து வாங்கலாம்."

மகனுக்கு முதலில் கோபமாம். இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிறகு ஸ்டூடியோவுக்குப் போகத் தொடங்கினானாம்.

சென்ற மாதம் அந்த அம்மா பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய இரண்டு கைகள். நடுவில் நார். பாதி கட்டிய மல்லிகைச் சரம். விடியற்கால வெளிச்சம் விரல்களின் மேல் விழுந்திருந்தது. விரல் நுனியில் நார் அறுத்த தழும்பு கூடத் தெரிந்தது.

"இத்தனை வருஷமா கட்டறேன். என் கையை நானே பார்த்ததில்லை தம்பி" என்றார்.

சங்கிலி அவர் கழுத்தில்தான் இருந்தது.

பெற்றோர்களே! பிள்ளை காமிரா கேட்டால் திட்டாதீர்கள். கடனும் வாங்காதீர்கள். "இருப்பதை வைத்து முதலில் எங்களை ஒரு படம் எடு, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஜன்னல் ஓரமாகப் போய் உட்காருங்கள்.