வண்டி கைமாறுகிறது, பெயர் மாறவில்லை

தமிழ்நாட்டின் நகரங்களில், புறவழிச் சாலை ஊர்ச் சாலையோடு சேரும் இடங்களில் ஒரு காட்சி வழக்கமாகிவிட்டது. தார்ச் சாலைக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவே, நடப்பவர்களுக்கென விடப்பட்ட இடத்தில், ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. முன்கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்றொரு தாள். அதன் கீழே ஒரு கைப்பேசி எண், ‘சிங்கிள் ஓனர்’ என்ற உறுதிமொழி. கடை இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்று பலகை மாட்டிய இடங்களிலும் உரிம எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பழைய கார் விற்பது குற்றமல்ல, வாங்குவதும் குற்றமல்ல. யார் விற்றார், யார் வாங்கினார் என்பது அரசுப் பதிவேட்டில் ஏறாமலேயே விற்பனை முடிந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தனித்தனியாகக் கடமை வைக்கிறது. மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் என்ன ஆகும்? அந்தப் பிரிவு சுட்டிக்காட்டும் பொதுத் தண்டனை, முதல் முறைக்கு 500 ரூபாய்வரை அபராதம். லட்சங்கள் புழங்கும் வியாபாரத்தில் இந்தத் தொகைக்கு யார் அஞ்சுவார்?

நடைமுறையில் நடப்பது வேறு. கார் சொந்தக்காரர் புரோக்கரிடம் சாவியையும் ஆர்.சி.யையும் கொடுக்கிறார். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டிலும் அடியில் கையெழுத்திடுகிறார். வாங்குபவர் பெயருக்கான கட்டம் காலி. தேதிக்கான கட்டம் காலி. சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சு ஒன்று, ஆதார் நகல் ஒன்று, எல்லாம் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போகின்றன. பணம் கைக்கு வந்ததும் அவரைப் பொறுத்தவரை கார் போய்விட்டது. பதிவேட்டைப் பொறுத்தவரை கார் அவர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அந்த உறை இரண்டாவது புரோக்கரிடம் போகலாம், மூன்றாவது ஊருக்குப் போகலாம், நான்காவது ஆளிடம் ஆறு மாதம் தூங்கலாம். காலிக் கட்டம் கடைசிவரை காலியாகவே இருக்கும். வண்டி கைமாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பொறுப்பு யாருடையது? இதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஐயத்துக்கு இடமின்றி விடையளித்தது. அந்த வழக்கில் கார் அடுத்தடுத்துப் பலருக்கு விற்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் முதல் உரிமையாளரின் பெயரே இருந்தது. சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே என்றும், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே அதன் உட்பொருள். நியாயமான தீர்ப்பு அது. ஆனால் வண்டியை விற்றுப் பல மாதம் ஆன பிறகு, தான் பார்த்திராத ஓட்டுநர் செய்த விபத்துக்காக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அழைப்பாணையைக் கையில் வாங்கும் குடும்பத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காப்பீடு காலாவதியாகியிருந்தால் அந்தத் தொகை அவர்கள் வீட்டின் மேல் விழுகிறது. காலி ஃபாரத்தில் இட்ட ஒரு கையெழுத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

காவல்துறைக்கும் இது புதிய செய்தியல்ல. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோயில் அருகே வெடித்த கார் பல கைகள் மாறி வந்த பழைய கார். 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே பல உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்பில் வெடித்த காரும் அப்படிப் பலமுறை விற்கப்பட்டதே. இரண்டு இடங்களிலும் புலனாய்வாளர்கள் எண் பலகையைப் பிடித்துக்கொண்டு, கை கையாகப் பின்னோக்கி நடக்க வேண்டியிருந்தது. இடையில் வண்டியை வாங்கி விற்றவர்கள் எல்லோரும் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆகிறார்கள். பதிவேடு சரியாக இருந்தால் வண்டியின் பயணம் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். பெயர் மாறாத ஒவ்வொரு விற்பனையும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரியை அழிக்கிறது.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரி, பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்பது அதன் மையம். சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சொந்தக்காரர் வண்டியை ஒப்படைத்ததும் அந்தச் செய்தி மின்னணு முறையில் பதிவு அதிகாரிக்குப் போக வேண்டும். அந்த நொடி முதல் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டிக்கு நேரும் எதற்கும் அவரே பொறுப்பு. அவர் கையில் இருக்கும் காலத்தில் வண்டியைச் சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு, வண்ணம் பூசுதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே ஓட்டலாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பதிவு வேண்டும். பெயர் மாற்றம், தடையில்லாச் சான்று, ஆர்.சி. புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கவும் உரிமை உண்டு. சங்கிலியில் காணாமல் போகும் நடுக் கைக்கு இந்த விதி ஒரு பெயரும் ஒரு முகவரியும் கொடுக்கிறது. விதி இருக்கிறது. சாலையோரம் நிற்கும் கார்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்தது வரி. ஆயுள் வரி ஒருமுறை கட்டிய வண்டி மாநிலத்துக்குள் கைமாறும்போது மறுபடி அந்த வரி இல்லை. அதனால் பழைய கார் விற்பனையில் அரசுக்கு இழப்பே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிழையான கணக்கு. 2024 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், பதிவு பெற்ற வியாபாரிகள் விற்கும் பழைய கார்கள் அனைத்துக்கும், மின்சாரக் கார் உட்பட, 18 சதவீத வரி என ஒரே விகிதத்தை வகுத்தது. வரி முழு விலைக்கு இல்லை, லாபத்துக்கு மட்டும். 4 லட்சத்துக்கு வாங்கிய காரை 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு விற்றால், 60 ஆயிரத்துக்கு 18 சதவீதம், அதாவது 10,800 ரூபாய். தன் சொந்தக் காரை இன்னொருவருக்கு விற்கும் தனிநபருக்கு இந்த வரி கிடையாது. அந்தச் சலுகை நியாயமானது. மாதம் பத்துக் கார் விற்பவர் ஒவ்வொரு முறையும் முந்தைய சொந்தக்காரரின் பெயரிலேயே விற்று, தாளில் தனிநபர் விற்பனையாகக் காட்டும்போது அந்தச் சலுகை ஓட்டையாகிறது. இடம் வாடகைக்கு எடுத்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, வரியும் கட்டுகிற வியாபாரி அந்த 10,800 ரூபாயை விலையில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சாலையோர வியாபாரிக்கு அந்தச் சுமை இல்லை. நேர்மையாக நடப்பவரே நஷ்டப்படும் சந்தை அது.

வெளிமாநில வண்டிகளில் இழப்பு இன்னும் நேரடியானது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கான ஆயுள் வரி, விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம்வரை இருக்கிறது. பக்கத்துப் புதுச்சேரியில் வரி குறைவு. அங்கும் பிற மாநிலங்களிலும் பதிவான வண்டிகள் பழைய கார் சந்தை வழியாக இங்கே வந்து, பழைய எண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. 12 மாதங்களுக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. வண்டியின் வயதுக்கேற்ற வரியையும் இங்கே கட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் செலுத்த வேண்டும். பெயர் மாறாத வண்டியில் இவற்றை யாரிடம் கேட்பது? பழைய முகவரிக்குப் போகும் நோட்டீஸ் திரும்பி வருகிறது.

வாங்குபவர் பெரும்பாலும் முதல் முறையாகக் கார் வாங்கும் குடும்பம். சேமிப்பும் நகைக்கடனும் சேர்ந்த பணம் அது. ஓடிய கிலோமீட்டர் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. துடைத்து, இருக்கை உறை மாற்றி, வேறு ஊரில் நிறுத்தினால் அடையாளம் தெரியாது. வங்கிக் கடன் முடியாத காருக்கும் ‘கடன் இல்லை’ என்று வாய்ச்சொல் கிடைக்கும். இன்னொன்றும் பலர் அறியாதது. வண்டி கைமாறினாலும் மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி வாங்கியவருக்குத் தொடரும். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாகத் தொடராது. பாலிசியில் பெயர் மாற்றாதவர், தன் கார் நசுங்கிய நாளில் அதை அறிகிறார். உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஏமாந்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு இடத்தைக் காலி செய்துவிட்ட சாலையோர வியாபாரியின் மேல் யார் பெயரில் வழக்குத் தொடுப்பது?

இந்தத் தொழிலை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்கள் அல்ல. ஒன்றிரண்டு காரை வாங்கிச் சீராக்கி விற்று வீடு நடத்துபவர்கள், வண்டியின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லும் கைத்திறன் உள்ளவர்கள். அவர்களை விரட்டுவது இந்த நாளிதழின் கோரிக்கை அன்று. சாலையோரக் கார்களை ஒருநாள் தூக்கிச் சென்று அபராதம் போட்டு விடுவித்தால் அடுத்த வாரம் அவை வேறு சாலையில் நிற்கும். அங்கீகாரச் சான்று பெறுவது சிறு வியாபாரிக்கும் எட்டுவதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்ற வரையறை வேண்டும். அலுவலக வாசலில் இன்னொரு புரோக்கரைப் பிடித்தால்தான் சான்று கிடைக்கும் என்ற நிலை வந்தால், விதி தன் நோக்கத்தையே தோற்கடிக்கும்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வேண்டாம். அங்கீகாரம் கொடுப்பதும், அங்கீகாரம் இல்லாதவரைக் கேட்பதும் போக்குவரத்துத் துறையின் வேலை. விற்பனைக் கணக்கைக் கேட்பது வணிகவரித் துறையின் வேலை. நடைபாதையை மீட்பது உள்ளாட்சியின் வேலை. ஒவ்வொரு துறையும் மற்றதைக் கைகாட்டும்வரை அந்தக் கார்கள் அங்கேயே நிற்கும். மாவட்டந்தோறும் இம்மூன்று துறைகளும் காவல்துறையும் சேர்ந்து, பழைய வாகன விற்பனை இடங்களைக் கணக்கெடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியலைச் சான்று எண்ணோடு பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சான்று எண் கடை வாசலிலும், விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. விற்றவர் தனியாகத் தரும் அறிவிப்பைப் பதிவு அலுவலகம் ஏற்று, தேதியிட்டு, பதிவேட்டில் காட்ட வேண்டும். 50-ஆவது பிரிவு அவருக்கென்று தனிக் கடமை வைத்திருக்கும்போது, வாங்கியவர் வந்தால்தான் அந்தக் கடமையை ஏற்போம் என்று அவரைத் திருப்பி அனுப்புவதற்கு நியாயமில்லை. வண்டியை விற்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் அதை வாங்கிக்கொள்ள ஒரு மேசையாவது இருக்க வேண்டும்.

விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் சாலையோரங்களைக் கணக்கெடுக்க ஒரு மாதம் போதும். அந்தக் கணக்கெடுப்பு எந்த நாளில் தொடங்கும் என்பதைப் போக்குவரத்துத் துறை அறிவிக்க வேண்டும்.