விஞ்ஞானமா? நெட்டுருவா?

நமது சர்க்கார் நடத்தும் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு 100 மார்க்கு. அதில் எழுத்துக்கு 75. கையால் செய்து காட்டும் செய்முறைக்கு 25. தேற வேண்டுமானால் எழுத்தில் 20-க்கும் செய்முறையில் 15-க்கும் குறையாமல், மொத்தம் 35 வாங்கியாக வேண்டும்.

ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடென்றே சொல்லுவோம். வாயால் ஓதுகிறவன் மேல்ஜாதி, கையால் பாடுபடுகிறவன் கீழ்ஜாதி என்று வெகுகாலமாய்ச் சாதித்துவந்த இந்நாட்டில், தேறுவதற்கு வேண்டிய 35-ல் 15-ஐக் கைவேலைக்கு ஒதுக்கியிருப்பது சின்னக் காரியமல்ல.

ஆனால், சோதனைக் குழாயைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கும், அடுத்தவன் நோட்டைப் பார்த்துத் தன் நோட்டை நிரப்பிய பிள்ளைக்கும், "பாவம், தேறட்டும்" என்று மார்க்குப் போடப்படுமானால், அது தர்மமா, மோசடியா என்று கேட்கின்றோம். கோவிலில் பிரசாதம் வழங்குவதுபோல் மார்க்கு வழங்குவது பிள்ளைக்குச் செய்யும் உபகாரம் ஆகுமா?

நிற்க, வைத்தியப் படிப்புக்கென்று 2017 முதல் நம் தலையில் கட்டப்பட்ட 'நீட்' பரீட்சையின் யோக்கியதை என்ன? அதன் 720 மார்க்கில் செய்முறைக்கு ஒரு மார்க்குகூடக் கிடையாது. நாளைக்குக் கத்தி பிடிக்கப் போகிறவனுக்கு இன்றைக்குக் கையே வேண்டாமாம்! பணம் கட்டிப் பயிற்சி பெற முடிந்தவனுக்கே அதனால் லாபம்.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை காரும், லாரியும், டயரும், மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் நிறைந்துவிட்டன. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிச் சர்ட்டிபிகேட்டோடு அவற்றின் வாசலில் நிற்கிறார்கள். விசையைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதித் தேறியவனே புதுவண்டிச் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறான். ஆயுதபூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைக்கிறான். மெஷின் நிற்பது எண்ணெய் இல்லாமலா, பொட்டு இல்லாமலா? அவன்மீது குற்றமில்லை. விஞ்ஞானத்தையும் ஒரு மந்திரமாகவே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மந்திரத்தோடு மந்திரமாக அவன் அதையும் வைத்துக்கொண்டான். 1610-ல் கலிலியோ வியாழனைச் சுற்றும் சந்திரன்களைக் கண்டது ஏட்டை ஓதியா? தன் கையால் செய்த கண்ணாடியில் தன் கண்ணால் பார்த்தல்லவா?

ஆகவே தோழர்களே! மார்க்கு எவ்வளவு என்று கேட்குமுன், பிள்ளை படிக்கும் பள்ளியின் சோதனைச்சாலையைப் போய்ப் பாருங்கள். பூட்டு துருப்பிடித்திருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எதைக் கையால் செய்தாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். சர்க்காரும் செய்முறைக்குள்ள 25-ஐ 50 ஆக்கி, அதை ஒழுங்காக நடத்த முன்வர வேண்டும். ஏன், எப்படி என்று கேட்கத் துணியாதவன் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் விஞ்ஞானம் படித்தவனாக மாட்டான் என்பதே நமது அபிப்பிராயம்.