பெயரைக் கொடுப்பவரும் பதிவு செய்யட்டும்

சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பித்தான் குச்சனூர்க் கடைத்தெரு பிழைக்கிறது. ஆடிச் சனிகளில் சுயம்பு சனீஸ்வரர் கோயிலைச் சுற்றி நிற்க இடமிருக்காது. மற்ற நாள்களில் ஊர் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் போய்விடும். கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் சின்னமனூர் வழியாகக் கம்பம், குமுளி நோக்கி விரையும்; தை பிறந்ததும் அந்த வியாபாரமும் அடங்கிவிடும். இப்படிப்பட்ட ஊரில், பேர்போன டீக்கடையின் அல்லது பேக்கரியின் ஃபிரான்சைஸ் எடுக்க நகையை அடகு வைக்கும் இளைஞரிடம், "தினமும் இவ்வளவு விற்கும்" என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள். அந்தக் கணக்கு எந்த ஊர்க் கடையைப் பார்த்துப் போடப்பட்டது என்று அதில் எழுதியிருப்பதில்லை. எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமும் நம் நாட்டில் இல்லை.

கடை எடுப்பவருக்குப் பதிவுகளுக்குக் குறைவில்லை. பேரூராட்சியில் தொழில் உரிமம் வாங்க வேண்டும். தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ தேவை. விற்றுமுதல் வரம்பைத் தாண்டினால் ஜிஎஸ்டி. வங்கிக் கடனுக்குப் போனால் உத்யம் பதிவு கேட்பார்கள். அதற்குக் கட்டணமே கிடையாது என்பதை இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பவர்கள் அறிய வேண்டும். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தால் அந்தக் கூட்டு நிறுவனத்தையும் பதிவு செய்துகொள்வது அவசியம். பதிவு செய்யாத நிறுவனம் ஒப்பந்த உரிமையைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது என்கிறது 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு.

ஏற்கெனவே நடக்கும் கிளையை வாங்குபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. பழையவரின் ஜிஎஸ்டி எண் அவருடைய பான் எண்ணோடு பிணைந்தது; புதியவர் அதில் பில் போட முடியாது. நடக்கும் தொழிலாகவே கைமாறினால், கைமாறிய நாளிலிருந்தே பதிவுக் கடமை புதியவர்மேல் விழுகிறது. உணவு உரிமமும் அவர் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியதே. ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆவது பிரிவை நம் பக்கத்தில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? விற்றவர் வைத்துவிட்டுப் போன வரி பாக்கி, வட்டி, அபராதம் ஆகியவற்றுக்கு வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. விற்பனைக்குப் பிறகு கணக்கிடப்பட்ட பாக்கியும் இதில் அடங்கும்.

பெயரைக் கொடுக்கும் கம்பெனி, ஃபிரான்சைஸ் தருவதற்கென்று எங்கே பதிவு செய்கிறது? எங்கும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டமும்தான் இந்த உறவை ஆள்கின்றன. இதுவரை எத்தனை கிளைகள் மூடப்பட்டன, ஏன் மூடப்பட்டன, எத்தனை வழக்குகள் நிலுவையில் உள்ளன, முன்பணம் திரும்புமா என்று எதையும் முன்கூட்டியே சொல்லும் கடமை அதற்கு இல்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும். தகராறு வந்தால் தொலைதூரப் பெருநகரம் ஒன்றில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரி கடைசிப் பக்கங்களில் இருக்கும். மாதாமாதம் கட்டும் ராயல்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 5 சதவீத வரியில் பில் போடும் உணவுக்கடைக்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் முடியாது. அத்தனையும் அவர் கைக்காசு.

நம் உறவினர்கள் வாழும் மலேசியாவில் 1998-லேயே ஃபிரான்சைஸ் சட்டம் வந்துவிட்டது. அங்கே கம்பெனிதான் முதலில் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் விவர ஆவணத்தைக் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் மனம் மாறி விலகிக்கொள்ள அவகாசம் உண்டு. அமெரிக்காவில் 1979 முதல் விதி இருக்கிறது. இன்று அங்கே 14 நாள்களுக்கு முன்பே, மூடிய கிளைகளின் கணக்கும் வழக்குகளின் விவரமும் உட்பட எல்லாவற்றையும் தந்தாக வேண்டும்.

சட்டம் வந்தால் வளரும் சிறு நிறுவனங்கள் மிரண்டுவிடும் என்பார்கள். நாம் கேட்பது அனுமதி முறை அல்ல. உள்ளதை உள்ளபடி எழுதிப் பொதுப் பதிவேட்டில் வைக்கும் கடமை. நேர்மையாகத் தொழில் செய்யும் கம்பெனிக்கு அதனால் நன்மையே. அமுல் பெயரில் கிளை தருவதாகச் சொல்லிப் போலி இணையதளங்கள் பணம் பறித்ததால், அந்தக் கூட்டுறவு அமைப்பே 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. அரசுப் பதிவேடு ஒன்று இருந்தால், குச்சனூரில் உட்கார்ந்திருப்பவரும் கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் உண்மையைப் பார்த்துக்கொள்ளலாம்.

மத்திய அரசு செய்யட்டும் என்று தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தங்கள் பொதுப்பட்டியலில், 7-ஆவது இனமாக உள்ளன. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறும் வழியும் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. விவர ஆவணம் தமிழில் தரப்பட வேண்டும். வழக்கு கடை இருக்கும் மாவட்டத்தில் நடக்க வேண்டும். கையெழுத்துக்குப் பின் விலக 14 நாள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சட்டம் போதாது. சட்டம் வரும்வரை, ஃபிரான்சைஸுக்குக் கடன் தரும் வங்கிகளும் மானியத்துக்குப் பரிந்துரைக்கும் மாவட்டத் தொழில் மையங்களும், மூடிய கிளைகளின் விவரத்தைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் கோப்பை நகர்த்தக் கூடாது.

கையெழுத்திடப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள். விண்ணப்பித்த பெயர் வேறு, பதிவான பெயர் வேறு. பழைய கிளையை வாங்குவதானால் விற்பவரின் ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள். ஏற்கெனவே கிளை நடத்தும் இரண்டு பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். மூடிவிட்டுப் போனவர் ஒருவரையும் கட்டாயம் தேடிப் பிடியுங்கள்.