புதிய வசதி யாருக்கு?

ஷோப்பி 2015இல் மலேசியாவுக்கு வந்தது. 2019இல் நேரலை விற்பனையைச் சேர்த்தது. பீடோங், பாடாங் செராய் தோட்டப்புறங்களில் முறுக்கும் சேலையும் விற்கும் நம் பெண்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய வசதி அதுதான் என்பேன். அதில் தமிழிலேயே பேசி விற்கலாம்.

மற்ற வசதிகளின் விளக்கமோ தமிழில் வருவதில்லை. சந்தையில் மலாய் பேசுவார்கள். ஒப்பந்தத்து மலாய் வேறு. இலவச அனுப்புத் திட்டத்தில் சேர்ந்தால் அதற்கும் விற்பனையாளரிடமே கட்டணம் பிடிப்பார்கள் என்பதைப் பள்ளி செல்லும் மகன்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவன் அவசரத்தில் ‘சம்மதம்’ என்று அழுத்திவிட்டால்? முறுக்குக்கு எவ்வளவுதான் விலை ஏற்றுவது!

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களே, விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணி திரும்பும்போது அந்தக் கட்டணப் பக்கத்தை மட்டுமாவது தமிழில் எழுதி எடுத்துச் செல்வோம்.