கம்பெனி கை மாறினால் உங்கள் மெயில் என்ன ஆகும்?

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சென்ற மாதம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். இ-மெயில் முகவரி தொடங்கிக் கொடுத்தேன். உடனே ஒரு கேள்வி கேட்டார்: “ஏம்ப்பா, இந்தக் கம்பெனியை நாளைக்கு வேற யாராவது வாங்கிட்டா, என் கடுதாசியெல்லாம் என்ன ஆகும்?”

நல்ல கேள்வி. இதற்குப் பதிலாக ஒரு பழைய கதையைப் பார்ப்போம்.

சத்யம் இன்ஃபோவே என்ற பெயர் நினைவிருக்கிறதா? பின்னாளில் சிஃபி. ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம் தொடங்கிய இணையப் பிரிவு இது. தலைமையகம் சென்னை. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்த முதல் இந்திய இணைய நிறுவனம். அடுத்த மாதமே, இந்தியாவேர்ல்டு இணையதளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்து அசத்தியது. டயல்-அப் இணைப்பும் ‘ஐ-வே’ பிரவுசிங் சென்டர்களும் அதன் அடையாளம்.

பிறகு டாட்காம் சரிவு வந்தது. 2005 நவம்பரில் சத்யம் தன்னிடம் இருந்த சுமார் 31 சதவீதப் பங்கை, ராஜு வேகேஸ்னாவின் இன்ஃபினிட்டி கேப்பிடல் நிறுவனத்துக்கு சுமார் 6.2 கோடி டாலருக்கு விற்றது.

இது போன்ற விற்பனையில் முதலீட்டாளர்களுக்கு எப்போதும் இரண்டு கட்சி. ‘நம் தொழில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது. நஷ்டம் தரும் இணையத் தொழில் எதற்கு? வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்’ என்பது ஒன்று. ‘பிராட்பேண்ட் இப்போதுதான் வருகிறது. நல்ல காலம் பிறக்கும்போது விற்கலாமா?’ என்பது மற்றொன்று.

யார் சொன்னது சரி? 2009 ஜனவரி 7 அன்று, கணக்குகளில் மோசடி செய்ததை சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவே ஒப்புக்கொண்டார். சத்யம் டெக் மஹிந்திராவின் கைக்குப் போனது. தள்ளிவிடப்பட்ட சிஃபியோ, நெட்வொர்க், டேட்டா சென்டர் என்று தொழிலை மாற்றிக்கொண்டு இன்றும் சென்னையிலிருந்து இயங்குகிறது. பெரிய நிறுவனத்தின் நிழல்தான் பாதுகாப்பு என்று நம்பியவர்களுக்கு இது ஒரு பாடம்.

ஆனால் என் வருத்தம் வேறு. இரண்டு கட்சிகளின் கணக்கிலும் வாடிக்கையாளரின் மெயில் என்று ஒரு வரி இல்லை. பங்கின் விலைதான் பேச்சு.

விற்காமலேயே மூடுவதும் உண்டு. 1999-ல் ஜியோசிட்டீஸை வாங்கிய யாஹூ, 2009 அக்டோபரில் அதை மூடியது. பிரதி எடுக்காதவர்களின் இணையப் பக்கங்கள் போயின. அதே யாஹூவின் இணையத் தொழில் 2017-ல் வெரிசோனுக்கும், 2021-ல் அப்பல்லோவுக்கும் கை மாறியது. நானும் ஒரு நிறுவனத்தின் இலவச மெயிலில் ஐந்து வருடக் கடிதங்களை வைத்திருந்து, சேவை நின்ற பிறகு விழித்தவன்தான்.

எனவே மூன்று வேலைகளை இன்றே செய்யுங்கள்:

1. தண்டர்பேர்ட் போன்ற இலவச புரோகிராம் மூலம் மெயில்களை உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். ஜிமெயில் என்றால் கூகுள் டேக்அவுட் வசதி உண்டு.

2. அந்தப் பிரதியைப் பென் டிரைவிலும் ஒன்று வையுங்கள்.

3. பேங்க், கேஸ் போன்றவற்றுக்குக் கொடுத்த மெயில் முகவரி எது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முகவரி மாறினால் எங்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட மருத்துவமனைக்கு யாருக்கு என்ன சம்பளம், என்னென்ன மருந்து என்றுகூட அதில் வெட்டியிருக்கிறார்கள். ஆட்சிகள் மாறின, கணக்கு இருக்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்போ எனக்கும் ஒரு பென் டிரைவ் வாங்கிட்டு வா” என்றார்.