நல்ல பிள்ளைக்குத்தான் பரிசா?

டிசம்பர் பிறந்ததும் பெற்றோருக்கான அறிவுரைகளும் பிறந்துவிடுகின்றன. கையில் பணம் குறைவா? குழந்தையின் எதிர்பார்ப்பை முன்கூட்டியே குறைத்துவையுங்கள். விருப்பப் பட்டியலை மூன்று பொருள்களோடு நிறுத்துங்கள். விலையைவிட அன்பே பெரிது என்று சொல்லிக்கொடுங்கள். இவற்றில் தவறான வாக்கியம் ஒன்றுமில்லை. ஆயினும் இவை அனைத்தும் இல்லாதவரை நோக்கி மட்டுமே சொல்லப்படுகின்றன. எதிர்பார்ப்பை உண்டாக்குவோரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தா கதையின் தர்க்கத்தைப் பாருங்கள். நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு வரும் என்கிறது அது. அவ்வாறெனில், பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கு மிதிவண்டியும் தனக்கு ஒரு பென்சில் பெட்டியும் வரக் காணும் குழந்தை எந்த முடிவுக்கு வரும்? தந்தையின் வருமானம் குறைவு என்றா? தன் குணம் குறைவு என்றே முடிவு செய்யும். ஏழு வயதுக் குழந்தை கதையைச் சரியாகத்தான் வாசிக்கிறது. கதைதான் பொய்.

மூலக்கதை இப்படி இருக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த நிக்கோலஸைப் பற்றிய மரபுக்கதையில், மூன்று மகள்களை மணமுடித்துக் கொடுக்க வழியற்றுத் தவித்த ஒருவரின் வீட்டுக்குள் அவர் இரவில் பொன்முடிப்பை எறிந்துவிட்டுச் செல்கிறார். அப்பெண்கள் நல்லவர்களா என்று அவர் விசாரிக்கவில்லை. தேவை இருந்தது, கொடுத்தார். 1866இல் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படத்திலோ, தாத்தாவிடம் குழந்தைகளின் நடத்தைப் பதிவேடு வந்துவிட்டது. தேவை இருந்த இடத்தில் தகுதி வந்து அமர்ந்தது. இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் எதிர்கொள்ளும் அதே தகுதிவாதம்தான் இது: பெற்றோரின் வசதியைப் பிள்ளையின் சிறப்பாகக் கணக்கெழுதுவது.

நம் நகரங்களின் தனியார் பள்ளிகள் பலவும் 'சீக்ரெட் சாண்டா' என்ற பெயரில் இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டன. கொடுத்தல், பெறுதல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளும் பரிசுக்குள் உறைந்திருப்பதை மார்செல் மோஸ் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கினார். அதை வகுப்பறையில் வாசிக்கும் நாம், நம் பிள்ளைகளின் பள்ளியில் அக்கடமை இல்லாதவர் மீது சுமத்தப்படும்போது வாய் திறப்பதில்லை.

ஆய்வாளர் குடும்பங்களில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அல்ல. நெட் தேர்ச்சியில்லாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக அதே தொகை. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நிறுத்திவிட்டதாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னதும் ஒரு டிசம்பரில்தான், 2022இல். மற்ற உதவித்தொகைகளும் மாதாந்திரம் என்ற பெயரைத் தாங்கிப் பல மாதங்கள் கழித்து வந்து சேர்கின்றன. வருகிற நாள் தெரியாத பணத்தைக் கொண்டு எவரும் திட்டமிட முடியாது. இந்நிலையில் எதிர்பார்ப்பை நிர்வகிக்கப் பெற்றோருக்குக் கற்பிப்பது, குடையில்லாதவனுக்கு நனையும் கலையைக் கற்பிப்பதாகும்.

உண்மையைச் சொன்னால் குழந்தைப் பருவத்தின் மாயம் கலைந்துவிடும் என்பர் சிலர். மணற்சோறு ஆக்கும் குழந்தைக்கு அது சோறல்ல என்று தெரியும். தெரிந்தேதான் விருந்து வைக்கிறது. தாத்தா ஒரு விளையாட்டு, பரிசைப் பணம் கொடுத்து வாங்குகிறோம், இம்மாதம் நம்மிடம் பணமில்லை, அதற்கு நீ காரணமல்ல: இந்நான்கையும் எந்தக் குழந்தையும் தாங்கிக்கொள்ளும். தன்னையே குற்றவாளியாக எண்ணும் பாரத்தைத்தான் அதனால் தாங்க முடியாது.

வசதியுள்ளோருக்கும் கடமை உண்டு. விலையுயர்ந்த பொருளை வாங்கித் தந்தால் உங்கள் பெயரிலேயே தாருங்கள். தாத்தாவின் கணக்கில் எழுதாதீர்கள். பள்ளிகள் பரிசுப் பரிமாற்றத்தைக் கைவிடட்டும். இந்தியக் கிறிஸ்தவர்களின் பண்டிகை மரபில் வேறு வழிகளும் உள்ளன. மங்களூரிலும் கோவாவிலும் குஸ்வார் பலகாரத் தட்டு அண்டை வீடுகளுக்குச் செல்கிறது. மிசோரமில் ஊர் கூடிச் சமைத்து ஒரே பந்தியில் உண்கிறது. அங்கே எந்தக் குழந்தையின் நடத்தையையும் எவரும் பதிவேட்டில் தேடுவதில்லை.

உதவித்தொகையை உரிய நாளில் கேட்டுப் பெறுவதும் குழந்தை வளர்ப்பின் ஒரு பகுதியே. நம் சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் அதையும் எழுதட்டும்.