சொட்டும் எண்ணெயும் டிரைவரின் கையும்

பழைய டிராக்டர் நிற்கும் எந்தக் களத்துமேட்டுக்கும் போய்ப் பாருங்கள். வண்டிக்கு அடியில் மண் கறுத்துக் கிடக்கும். "என்னப்பா இது?" என்று கேட்டால், "பழைய வண்டிங்க, ஒழுகத்தான் செய்யும். காலையிலே ஒரு லிட்டர் ஊத்திக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்று பதில் வரும். வண்டிக்காரர் இதைச் சொல்கிறார். டிரைவரும் சொல்கிறார். ரிப்பேர் செய்ய வேண்டிய மெக்கானிக்குகளிலும் சிலர் இதையே சொல்கிறார்கள்.

நாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வினாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது. இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேர வேலையில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மண்ணுக்குப் போகிறது. ஒழுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தின் விலையோ, பல இடங்களில், அந்த ஒரு நாள் எண்ணெயின் விலைகூட இராது. பணம் போனால் போகட்டும், அது வண்டிக்காரரின் பணம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒழுகுவது எண்ணெய் மட்டுமல்ல.

இந்த எண்ணெய் என்ன வேலை செய்கிறது? கலப்பையைச் சங்கிலி போட்டு இழுக்காமல், மூன்று கைகளால் டிராக்டரோடு பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை உலகெங்கும் பரப்பியவர் ஹாரி பெர்குசன் என்ற ஐரிஷ்காரர். அவருடைய டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. அந்த வழியில் வந்த மாஸி பெர்குசன் வண்டியை, 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி நம் வயல்களுக்குக் கொண்டுவந்தது. நாம் இங்கே பேசுவது அந்தப் பழைய 35 குதிரைச் சக்தி வகையைப் பற்றி.

இதில் பம்பு வெளியே தெரியாது. பின்பெட்டிக்குள் எண்ணெயில் முழுகிக் கிடக்கிறது. கியருக்கும், பின் அச்சுக்கும், தூக்கும் கைகளுக்கும் ஒரே எண்ணெய். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2,000 ராத்தலைத் தாண்டும். கார் டயரில் இருப்பது 30 ராத்தல்தான். பஞ்சாலையில் பேல் பிரஸ் ஓட்டும் தோழர்களுக்கு இந்தச் சக்தி என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டெல்டா கிராமத்தில் நாம் கண்டதைச் சொல்கிறோம். எரு அடிக்கும் டிப்பர் டிரெய்லர். அதற்குப் போகும் ரப்பர் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க டிரைவர் குழாய் நெடுக விரலை ஓட்டினார். 'சுருக்' என்றது. எறும்பு கடித்தது போல ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. துணியில் துடைத்துக்கொண்டு மாலை வரை எரு அடித்தார். இரவு கை வீங்கியது. மறுநாள் போன இடத்தில் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சதையைக் கெடுக்கிறது. வெளியே புள்ளிதான் தெரியும். வலியும் உடனே இராது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து கழுவி எடுத்தால்தான் விரல் பிழைக்கும். டாக்டரிடம் "குத்திவிட்டது" என்று மட்டும் சொல்லக்கூடாது. அழுத்தத்தில் இருந்த எண்ணெய் விரலுக்குள் பாய்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஒழுக்கைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். குழாய் அருகே தூரத்தில் பிடித்தபடி நகர்த்தினால், ஓட்டை எங்கே என்பதை அட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும். ஓட்டை விழுந்த குழாய்க்கு மாற்றுக் குழாய்தான் வைத்தியம். துணியும் கம்பியும் சுற்றுவது தற்கொலை.

அடுத்த அபாயம் மேலே தூக்கி நிற்பது. கலப்பையையோ டிப்பர் பெட்டியையோ தூக்கி வைத்துவிட்டு அடியில் புகுந்து வேலை பார்ப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். அதைத் தாங்கி நிற்பது எது? ஒழுகிக்கொண்டிருக்கும் அதே எண்ணெய்தான்! கலப்பை தரையில் இருக்கட்டும். பெட்டியைத் தூக்கியே ஆக வேண்டுமென்றால் கனமான கட்டை கொடுத்த பிறகுதான் ஆள் உள்ளே போக வேண்டும். "சும்மா ஒரு நிமிஷம்" என்று அவசரப்படுத்துகிறவர் யாரானாலும் முதலில் அவரே புகுந்து காட்டட்டும்.

இனி ரிப்பேர். வெளி ஒழுக்கென்றால் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துக் காய விட்டு, சுண்ணாம்புப் பொடி தூவிச் சிறிது நேரம் ஓட்டுங்கள். நனையும் கோடு மேல்நோக்கி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஒழுக்கு. சொட்டு விழும் இடத்தை நம்பக்கூடாது. எண்ணெய் ஓரிடத்தில் கசிந்து வேறிடத்தில்தான் சொட்டும். (விபூதி தூவிப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கை நாம் அறிவோம். வேலை நடக்கிறது, நமக்கு ஆட்சேபணை இல்லை.) பின்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்த வேண்டும். அச்சு சீல் போய், எண்ணெய் பிரேக்குக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கரும்பு டிரெய்லரோடு பாலத்தில் இறங்கும்போது அது தெரியவந்தால் என்ன ஆகும்?

உள் ஒழுக்கு மண்ணில் சொட்டாது. ஆனால் தூக்கிய கலப்பை இஞ்சின் ஓடும்போது தலையாட்டும்; இஞ்சினை நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடும். உடனே "பம்பு போச்சு, செட்டோடு மாத்தணும்" என்று சொல்லிவிடுவது சுலபம். நாம் பார்த்தவரையில் பாதிக்கு மேல் பம்பின் குற்றமே அல்ல. வலது பக்கத்து மூடியைத் திறந்து பார்க்கலாம். அதற்குமுன் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துவிட வேண்டும். பளுவைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்து எட்ட நின்று பார்த்தால், எண்ணெய் தூக்கும் சிலிண்டரின் வாயிலிருந்து வருகிறதா, பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் வளையத்திலிருந்து வருகிறதா என்று தெரிந்துவிடும். அப்போது கை உள்ளே போகக்கூடாது. கலப்பைக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது. சிலிண்டரைத் தொட மேல்மூடியைத் தூக்க வேண்டியிருக்கும். அது கனமான மூடி. சங்கிலி பிளாக் இல்லாமல் தொட வேண்டாம்.

வளையம் மாற்றுவதிலும் ஒரு குளறுபடி நடக்கிறது. சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுகிறார்கள். அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப்போகும். எண்ணெய்க்கென்று செய்த வளையமே வேண்டும். எண்ணெய் தடவி விரலால் உட்கார வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் புது வளையமும் கிழியும். தண்டில் சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. அதையும் தடவிப் பார்க்க வேண்டும்.

சேற்றுழவு வண்டிகளுக்கு இன்னொரு வார்த்தை. எண்ணெய் வெளியே வரும் வழியில் தண்ணீர் உள்ளே போகும். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் முழுவதையும் வடித்து மாற்ற வேண்டும். அதன்மேல் புது எண்ணெய் ஊற்றுவது வீண். தண்ணீர் கலந்த எண்ணெயில் ஒரு சாகுபடி முழுதும் ஓட்டினால் அப்போது நிஜமாகவே பம்பு போய்விடும். அப்படிப் போனதும் என்ன பேச்சு வரும்? "டிரைவர் அஜாக்கிரதை." சம்பளத்தில் பிடித்தமும் வரும். மூன்று மாதமாக "ஒழுகுது, ஒழுகுது" என்று அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஆகவே டிரைவர்கள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பது நல்லது. இன்ன நாள் சொன்னோம், இவ்வளவு எண்ணெய் ஊற்றினோம் என்று இரண்டு வரி போதும்.

வயல் வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடையாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1923ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையிலேயே, டிராக்டர் கொண்டு விவசாய வேலை செய்கிறவர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தின் விஷயங்கள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் வந்துவிட்டன.

நாம் சொன்ன டிரைவர் இப்போதும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். லீவரைக் கட்டைவிரலாலும் உள்ளங்கையாலும் தள்ளுகிறார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்திலேயே வண்டிக்கு டவுனிலிருந்து புதுக் குழாய் வாங்கி மாட்டிவிட்டார்கள். வேலை அரை மணி நேரத்தில் முடிந்ததாம்.